ஒல்லாந்தரின் பதினொரு நகர ஐஸ் ஓட்டம்: விஆரில் எதை வைப்பது, எதை விடுவது?

அலஸ்தோட்டக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் வீட்டில் இருந்தபடியே முப்பரிமாண மொடலிங் செய்கிறேன். வழக்கமாக வருவது கதிரை, சோபா, கைக்கடிகாரம் மாதிரி ஒன்லைன் கடைச் சாமான்கள்தான். இந்தத் தடவை நெதர்லாந்தின் வடக்கே பிரீஸ்லாந்து மாகாணத்தில் இருந்து ஒரு வேலை வந்திருக்கிறது. அங்கே இருக்கும் என் சித்தப்பாவின் மகன் பிடித்துத் தந்தது. தங்கள் பழைய ஐஸ் ஸ்கேட்டிங் ஓட்டத்தை விஆரில், அதாவது கண்ணில் ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சியில், பார்க்கக்கூடிய மாதிரிச் செய்து தரும்படி ஓர் ஊர்ச் சங்கம் கேட்கிறது. நம் பிரட்ரிக் கோட்டையைத் திருத்திக் கட்டிய ஒல்லாந்தரின் பேரப்பிள்ளைகளுக்கு அவர்களின் விளையாட்டை நான் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். அம்மா கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

ஓட்டத்தின் பெயர் எல்ஃப்ஸ்டேடன்டொக்ட். லேவார்டனில் இருட்டோடு தொடங்கி ஸ்னேக், ஐல்ஸ்ட், ஸ்லோட்டன், ஸ்டாவரன், ஹிண்டலோப்பன், வொர்க்கும், போல்ஸ்வார்ட், ஹார்லிங்கன், ஃப்ரானகர், டொக்கும் என்று உறைந்த கால்வாய்களும் ஏரிகளும் வழியே சுற்றிக்கொண்டு மறுபடி லேவார்டன். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ஒவ்வொரு நகரத்திலும் கையில் இருக்கும் அட்டையில் முத்திரை குத்த வேண்டும். நள்ளிரவுக்குள் முடித்தால் ஒரு சின்னச் சிலுவைப் பதக்கம். முதல் ஓட்டம் 1909இல். அதில் இருந்து இன்றைக்கு வரை நடந்தது 15 தடவைதான். கடைசியாக 1997 ஜனவரி 4. பாதை முழுக்க ஐஸ் 15 சென்டிமீட்டர் தடிப்பாக இருந்தால்தான் ஓட்டம், இல்லையென்றால் இல்லை. குளிர்காலம் வர வரச் சூடாகிறது. 2012 பெப்ரவரியில் நடக்கும் நடக்கும் என்று நாடே காத்திருந்து, கடைசியில் தடிப்புப் போதாமல் கைவிட்டார்கள்.

ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1989இல் இருந்து ஒஸ்திரியாவில் வைசன்சே என்ற ஏரிக்குப் போய் அங்கே சுற்றிச் சுற்றி 200 கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறார்கள். 2019இல் மார்ட்டன் வான் டர் வெய்டன் என்ற ஒலிம்பிக் நீச்சல்காரர் இதே பாதையைக் கோடையில் நீந்தியே முடித்தார், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க. ஆனால் ஊர்க் கால்வாயில், வீட்டுப் பின்கதவுக்கு முன்னால் சனம் சூப் கோப்பையோடு நிற்க ஓடுவது வேறு. அதை நேரில் பார்த்து நினைவிருக்கும் ஆட்கள் எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். 1963இல் ஓடியவர்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கு எண்பதுக்கு மேல்.

சங்கம் அனுப்பியது: பழைய பிலிம் துண்டுகள், படங்கள், தோல் வாரால் சப்பாத்தில் கட்டும் ஒரு சோடி மரச் சறுக்குக் கட்டையின் ஸ்கான், முதியவர்களின் பேட்டி ஒலிப்பதிவு. அவர்கள் கேட்பது: ஹெட்செட்டைப் போட்டதும் பத்து நிமிடம் கால்வாயில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், 1963 ஓட்டக்காரரை ஏஐ வைத்து எழுப்பித் தர வேண்டும்.

பிரச்சினை இங்கேதான். 1963 என்பது இந்த ஓட்டத்தின் மிகக் கொடிய வருடம். மைனஸ் 18 டிகிரி, புயல் காற்று, பாதையை மூடிய பனி. போட்டிக்காரர் அல்லாதவர்கள் பத்தாயிரம் பேர் அளவில் புறப்பட்ட பொதுப் பயணத்தில் முடித்தவர்கள் 69 பேர். போட்டியை வென்றவர் ரைனியர் பாப்பிங். பிலிமில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. அதை ஏஐக்குக் கொடுத்தால் வெள்ளைக்குள் இல்லாததையெல்லாம் நிரப்பி, கல்யாண வீடியோ மாதிரி ஒரு சாமானை வெளியே தருகிறது. கால்களோ ஐஸில் ஆணி அடித்த மாதிரி நிற்கின்றன. ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை, ஒருவரும் விழவில்லை.

அசைவை எப்படிச் சரியாக எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐஸ் எப்படி இருக்கும் என்று கிட்ட நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள். பெரிய கேள்வி கடைசியில்: இருப்பது பத்து நிமிடம். அதற்குள் எதை வைத்தால், ஐஸ் இனி வரவே வராவிட்டாலும் இந்த விளையாட்டு மிஞ்சும்?

பிழைதிருத்தி:

அக்கா, கால் நிற்பதற்குக் காரணம் உங்கள் மென்பொருளின் நல்லெண்ணம். மனித அசைவுக்கான ஏஐ மொடல்கள் பெரும்பாலும் நடப்பது, ஓடுவது, ஆடுவது பார்த்துப் பழகியவை. நடப்பவரின் பாதம் தரையில் வழுக்கினால் அது கணிப்பில் வந்த பிழை என்று எடுத்து, பாதத்தைப் பிடித்துத் தரையில் பூட்டிவிடும். நீங்கள் எடுக்க வந்ததே வழுக்கலைத்தான். அந்தச் சுத்திகரிப்பு முழுவதையும் நிறுத்துங்கள்.

நிறுத்தினால் கால் கண்டபாட்டுக்கு மிதக்கும். அதற்குப் பதிலாக நீங்களே ஒரு விதி எழுத வேண்டும். சறுக்குத் தகடு தன் நீள வாக்கில் போகும், குறுக்காகப் போகாது. குறுக்கே பிடிப்பு இருப்பதால்தான் ஆள் பக்கவாட்டில் உந்தி முன்னால் போகிறார். ஆகவே ஐஸைத் தொடும் தகட்டின் வேகத்தில் குறுக்குப் பங்கைப் பூச்சியமாக்குங்கள், நீளப் பங்கை விட்டுவிடுங்கள். இந்த ஒரு வரியிலேயே முக்கால்வாசி சரியாகும்.

இதற்குத் தகடு எந்தத் திசையில் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். உடம்பின் மூட்டுகளைப் புள்ளியாகக் குறிக்கும், பரவலாக ஓடும் 17 புள்ளி எலும்புக்கூடு கணுக்காலோடு முடிந்துவிடும், ஸ்கேட்டிங்குக்கு உதவாது. கூகிளின் மீடியாபைப் மென்பொருளில் 33 புள்ளி, குதிக்காலும் பெருவிரல் முனையும் உண்டு. தொடக்கத்துக்கு அது போதும்.

இன்னொன்று. 1929, 1933 பிலிம் ஏதாவது வந்திருந்தால் முதலில் வேகத்தைப் பாருங்கள். மௌனப் பட காலத்துக் கமராவில் கையால் சுழற்றி எடுத்தது நொடிக்கு 16, 18 ஃபிரேம் அளவில் இருக்கும். அதை யாரோ 24இல் ஓட்டிப் பிரதி எடுத்திருந்தால் எல்லோரும் துடிதுடித்துப் போவார்கள். ஏஐ அந்தத் துடிப்பையே பழைய காலத்து ஸ்கேட்டிங் பாணி என்று படித்துக்கொள்ளும்.

புயலுக்குள் மறைந்த உடம்பைக் கட்டாயம் நிரப்பத்தான் வேண்டுமா? நானாக இருந்தால் பிலிமில் தெரியும் பாகத்துக்கு மட்டும் முழு நிறம் கொடுத்து, ஊகித்த பாகத்தைச் சாம்பலாக விடுவேன். மரபுச் சின்னங்களைக் கணினியில் மீட்டெடுப்பவர்களுக்கு லண்டன் சாசனம் என்று ஒன்று இருக்கிறது, 2009 பதிப்பு. எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அதில் உயிரான விஷயம். சங்கத்தாருக்கு அதைக் காட்டுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், சாசனம் சொன்னால் கேட்பார்கள்.

கிண்ணியா நானா:

தங்கச்சி, ஸ்கேட்டிங் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஐஸ் பெக்டரியில் நிறைய வருசம் நின்றவன் என்பதால் ஐஸ் பற்றிச் சொல்லலாம்.

எல்லா ஐஸும் வெள்ளை என்றுதான் சனம் நினைக்கிறது. எங்கள் கட்டியை வெளியே எடுத்தவுடன் வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஓரம் கண்ணாடி, நடுவில்தான் வெள்ளை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகர டின்னை இறக்கி உறைய வைக்கிறோம். குளிர் நாலு பக்கத்தாலும் உள்ளே வரும். தண்ணீர் உறையும்போது தன்னில் கரைந்த காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், கடைசியில் காற்றுக்குப் போக இடமில்லாமல் நடுவில் குமிழாக மாட்டிக்கொள்ளும். கண்ணாடி மாதிரிக் கட்டி வேண்டும் என்று ஹோட்டல்காரர் கேட்டால், உறையும் வரைக்கும் டின்னுக்குள் குழாயால் காற்று ஊதித் தண்ணீரை அலம்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கால்வாயில் குளிர் மேலே இருந்து மட்டும்தானே வருகிறது. காற்று கீழே போய்விடும். அப்படியென்றால் அந்த ஐஸ் கண்ணாடியாக இருந்து, கீழே இருக்கும் தண்ணீர் தெரிந்து, பார்வைக்குக் கறுப்பாக இருக்க வேண்டும். என் கணக்கு சரியா?

அலஸ்தோட்டக்காரி:

நானா, கணக்கு அச்சொட்டாகச் சரி. நல்ல இயற்கை ஐஸைக் கறுப்பு ஐஸ் என்றுதான் ஓட்டக்காரரும் சொல்கிறார்கள். மேலே விழுந்த பனி நனைந்து உறைந்தால்தான் வெள்ளை வரும், அது பலம் குறைந்தது. பனி மேலே கிடந்தால் போர்வை போட்ட மாதிரி, கீழே ஐஸ் தடிக்காது. அதனால் ஊரே தும்புத்தடியோடு இறங்கிக் கூட்டித் தள்ளுமாம். சங்கம் எனக்குக் கொடுத்த மாதிரிப் படத்தில் கால்வாய் முழுக்கப் பால் வெள்ளை. மாற்றிவிட்டேன்.

உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு பெக்டரிக்குப் போய்க் கட்டிகளைப் படம் எடுத்தேன். டின்னில் இருந்து கழன்று வந்த கட்டி மேல் சாதாரணத் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம், ஒரு வெடிப்பு மூலையில் இருந்து நடு வெள்ளை வரைக்கும் வளைந்து போனது. தட்டையான கோடு இல்லை. மெல்லிய படலம் ஒன்று உள்ளே தொங்குகிற மாதிரி, பார்க்கும் பக்கத்தைப் பொறுத்து வெள்ளியாக மின்னும், அல்லது காணாமலே போகும். கொம்பியூட்டரில் நான் போட்டு வைத்த வெடிப்புகள் எல்லாம் மேற்பரப்பில் கீறிய கோடுகள். இப்போது ஐஸுக்குள் ஆழமாக இறங்கும் படலங்களாகச் செய்கிறேன். 15 சென்டிமீட்டர் தடிப்பு என்பது கண்ணுக்குத் தெரிவதே அந்தப் படலங்களால்தான்.

சத்தத்தையும் தேடிக் கேட்டேன். மெல்லிய ஐஸ் மேல் ஓடும்போது தூரத்தில் "பியூங்" என்று விஞ்ஞானப் படத்துத் துப்பாக்கி மாதிரிக் கேட்கும். ஐஸ் தகட்டில் கீச்சுச் சத்தம் வேகமாகவும் தடித்த சத்தம் மெதுவாகவும் பயணம் செய்வதால், ஒரே வெடிப்பின் சத்தம் மேலே இருந்து கீழே இறங்குவது போல் காதுக்கு வருகிறது. இது கட்டாயம் உள்ளே போகும். ஹெட்செட்டில் படத்தை விட இதுதான் பயம் காட்டுகிறது.

ஸ்காபரோ வாசி:

பிள்ளை, நான் ரொறன்ரோப் பக்கம் முப்பது குளிர்காலம் பார்த்தவன். ஸ்கேட்டிங் பழகவில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அரங்கின் வாங்கில் குளிரில் இருந்ததுதான் என் விளையாட்டு. உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கே பக்கத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஹோடனோசோனி ஆதிக்குடிகளின் விளையாட்டு ஒன்று, பனிப்பாம்பு. ஒன்ராறியோவில் கிராண்ட் நதிக்கரையில் அவர்களின் பெரிய குடியிருப்பு இருக்கிறது. பனியை நீளத்துக்குக் குவித்து, நடுவில் ஒரு தண்டவாளம் போலப் பள்ளம் இழுப்பார்கள். ஆளை விட நீளமான, மழமழவென்று இழைத்த மரக்கம்பு, முனையில் ஈயம். ஓடி வந்து பள்ளத்துக்குள் எறிந்தால் பாம்பு நெளிகிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். அதிக தூரம் போனவர் வெற்றி.

எறிதல் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். விஆரில் எடுத்தால் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த ஆட்கள் நாளின் பெரும் பகுதியைச் செலவழிப்பது கம்போடுதான். எந்த மரம், எவ்வளவு காயவிடுவது, இன்றைய பனி ஈரமா உலர்வா, அதற்கு எந்த மெழுகு. மெழுகுப் பக்குவத்தை ஒரு குழு மற்றக் குழுவுக்குச் சொல்லாது. இப்போது யோசியுங்கள். ஒரு கமராக்காரர் வந்து அதையும் எடுத்து இன்டர்நெட்டில் போட்டால் அது பாதுகாப்பா, களவா? மறைத்து வைப்பதும் அந்த விளையாட்டுக்குள் ஒரு பாகம்.

உங்கள் வேலையில் இது எங்கே வருகிறது என்றால், அந்தப் பேட்டி ஒலிப்பதிவுகளில். முதியவரின் குரலை ஏஐயில் நகலெடுத்து ஆங்கிலத்தில் பேச வைக்கச் சங்கம் கேட்டாலும் கேட்கும். ஆள் உயிரோடு இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் வீட்டாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். பேட்டி கொடுத்ததை எல்லாவற்றுக்கும் கொடுத்த சம்மதமாக எடுக்க முடியாது.

அலஸ்தோட்டக்காரி:

அண்ணை, கேட்டேவிட்டார்கள். குரலை டச்சிலும் ஆங்கிலத்திலும் மாற்றித் தர முடியுமா என்று. பேசியவர்கள் பேசியது பிரீஸிய மொழி, டச்சு இல்லை. அந்த மொழியில் பேசும் கிழவரின் குரலை எடுத்து வேறு மொழி பேச வைத்துவிட்டு மரபைக் காக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குரல் அப்படியே ஓடட்டும், கீழே எழுத்தில் மொழிபெயர்ப்பு போடுவோம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். சம்மதக் கடிதமும் கேட்டிருக்கிறேன்.

தம்பலகாமத்தான்:

எல்லாம் நல்லது. ஒரு கேள்வி. கிழக்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடந்த கொம்பு விளையாட்டை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த மரக்கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும் வரை இழுக்கும் விளையாட்டு. வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டாலேயே உரித்துவிடும். அதை விஆரில் எடுக்க ஆளில்லை, ஒல்லாந்தனின் ஐஸை எடுக்க ஆளிருக்கிறது.

அலஸ்தோட்டக்காரி:

அண்ணை, ஒல்லாந்தன் காசு தருகிறான். கோயில் நிர்வாகத்திடம் நீங்கள் அனுமதி எடுத்துத் தாருங்கள், மைக்கோடு நான் வருகிறேன். காசு வேண்டாம். ஆனால் அந்தப் பாட்டுகளை வெட்டாமல் பதிவு செய்ய விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். வெட்டித் தருவதாக இருந்தால் நான் வரவில்லை.

மற்ற விஷயம். பத்து நிமிடத்தைப் பிரித்துவிட்டேன். சறுக்குவது மூன்று நிமிடம்தான். ஸ்காபரோ அண்ணையின் பனிப்பாம்பைப் படித்த பிறகு பேட்டிகளைத் திரும்பக் கேட்டேன். கிழவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவதே குறைவு. பேசுவதெல்லாம் ஐஸ் வருமா வராதா என்று காத்திருந்தது, அளந்தது, கூட்டியது, யார் வீட்டுக்குள் கூப்பிட்டுக் கால் சூடாக்கினார்கள் என்பது. 1963இல் பாதியில் நின்றவர் ஒருவர், தான் தட்டிய கதவின் நிறத்தைச் சொல்கிறார். எந்த நகரத்தில் நின்றார் என்பது அவருக்கு நினைவில்லை.

ஆகவே தொடக்கத்தில் நீங்கள் ஓட்டக்காரர் இல்லை. ஐஸ் அளப்பவர். பாதை 22 பகுதியாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. கையில் துளைபோடும் கருவி, அளவுகோல். துளைத்துப் பார்த்தால் 11, 13, 12. ஓட்டம் இல்லை. அப்படியே முடிந்துவிடும் சாத்தியமும் வைத்திருக்கிறேன். சிலருக்கு ஹெட்செட்டைக் கழற்றும் வரைக்கும் 15 வரவே வராது. சங்கத்தின் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. செயலாளர் அம்மா, அவர் தானே 1986இல் ஓடியவர், இது வேண்டும் என்று பிடியாக நிற்கிறார்.

பிறகு பாலத்தடி. அங்கே தண்ணீர் அசைவதால் ஐஸ் பலமில்லை. கரையேறி, விரித்த கம்பளத்தின் மேல் சறுக்குக் கட்டையோடேயே தட்டுத்தடுமாறி நடந்து மறுபக்கம் இறங்க வேண்டும். 1997இல் பலவீனமான இடங்களுக்கு வேறு இடத்தில் இருந்து ஐஸை வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுப் போட்டும் இருக்கிறார்கள். வென்றவர் ஹெங்க் அங்கனென்ட், பிரசல்ஸ் ஸ்பிரவுட் என்ற குட்டிக் கோவா பயிரிடும் விவசாயி. அவரைக் காட்டவே இல்லை. எல்லா ஆவணப் படத்திலும் அவர் இருக்கிறார், போதும். என்னுடைய ஆள் ராத்திரி பார்ட்லஹீம் என்ற ஊரின் பாலத்தடியில் டொக்குமுக்குப் போகிறவர். எதிரே டொக்கும் முடித்துத் திரும்பி வருகிறவர்கள் கடந்து போவார்கள். முத்திரை அட்டை கையில், மணி ஓடுகிறது.

ஒரே தொல்லை, அந்த மூன்று நிமிடச் சறுக்கில் தலை சுற்றுகிறது. தம்பி போட்டுப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினான். இங்கத்தைய வெக்கையில் ஹெட்செட்டின் பஞ்சு வேர்வையில் ஊறிக் கண்ணாடி புகைந்துவிடுகிறது, உள்ளே மைனஸ் 18.

பிழைதிருத்தி:

தலை சுற்றுவதற்கு: ஓட்டக்காரரின் இடவல ஆட்டத்தைக் கமராவில் போடாதீர்கள். கமரா நேராகப் போகட்டும், அடிவானம் அசையக் கூடாது. ஆட்டத்தை முன்னால் போகிறவரின் முதுகில் காட்டுங்கள், இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு போவார்களே, அந்த முதுகில். வேகம் கூடும் இடத்தில் பார்வையின் ஓரத்தை இருட்டாக்குங்கள்.

உடம்புக்கும் வேலை கொடுத்தால் சுற்றல் இன்னும் குறையும். ஸ்கேட்டிங்காரர் கோடையில் பழகும் சறுக்குப் பலகை ஒன்று உண்டு. வழவழப்பான பலகை, இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டை, காலில் காலுறை, இந்தப் பக்கம் உதைத்து அந்தப் பக்கம் வழுக்குவது. தச்சரிடம் ஃபோர்மைக்கா ஒட்டிய பழைய மேசைப் பலகை கேளுங்கள். இரண்டு பக்கமும் பிடித்து நிற்கக் கம்பி கட்டாயம், ஹெட்செட்டோடு விழுந்தால் பல்லுப் போகும்.

கிண்ணியா நானா:

பலகை என்னிடம் இருக்கிறது தங்கச்சி, பழைய சாப்பாட்டுக் கடை மேசை. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்த அளக்கிற கட்டத்தை எனக்கும் ஒருக்கால் போட்டுக் காட்ட வேண்டும்.

மூதூர்ப் பெடியன்:

மெட்டாவின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் ஓடுமா?

அலஸ்தோட்டக்காரி:

அளக்கும் கட்டம் ஓடுகிறது. புயல் கட்டத்தில் பனித் துகள் பாதியாகக் குறைத்த பிறகும் திக்குகிறது. யாராவது குவெஸ்ட் 2 வைத்திருந்தால் சோதிக்கத் தாருங்கள், என்னிடம் இருப்பது 3 மட்டும்.